கொலோன் தண்ணீர்: இரண்டு புட்டிகளின் வழக்கு

குத்தாலம் என்றதும் பலருக்கு அருவிதான் நினைவுக்கு வரும். அது தெற்கே மலையடிவாரத்தில் உள்ள குற்றாலம். நாம் இங்குக் குறிப்பிடுவது காவிரியின் தென்கரையில், மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, நெல்வயல்கள் சூழ அமைந்த குத்தாலம். அருவி இல்லாவிட்டாலும் இவ்வூருக்கும் நீரால் வந்த பெருமை ஒன்று உண்டு. இதன் பழம்பெயர் திருத்துருத்தி. ஆற்றின் நடுவே எழும் திட்டைத் 'துருத்தி' என்பர். இவ்வூர்க் குளத்தில் நீராடிச் சுந்தரர் தம் உடற்பிணி நீங்கப்பெற்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

நோய் தீர்க்கும் நீரைத் தேடாத மக்கள் உலகில் இல்லை. ஐரோப்பியர் அத்தகைய நீரை 'அக்வா மிராபிலிஸ்' என்று அழைத்தனர். 'அதிசய நீர்' என்பது அதன் பொருள். அந்த வகையைச் சேர்ந்த நீர் ஒன்று புட்டியில் ஏறி, பிறகு கப்பல் ஏறி, நம் ஊர் மருந்துக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. காய்ச்சலில் கிடந்தவரின் நெற்றியில் நனைத்த துணியாகப் போடப்பட்டது அதுதான். முகம் மழித்த ஆண்கள் கன்னத்தில் தடவிக்கொண்டதும் அதுதான். பிரெஞ்சு மொழியில் அதன் பெயருக்குக் 'கொலோன் நகரத்துத் தண்ணீர்' என்று பொருள். நம் வீடுகளில் அது 'ஓடிகொலோன்' ஆயிற்று.

இன்று கடைக்குப் போனால் ஆண்களுக்கான கொலோன் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டைக் கையில் எடுத்து, "இவற்றுள் எது உயர்ந்தது?" என்று கேட்காதவர் யார்? இக்கேள்வி புதியதன்று. கொலோன் நகரத்திலேயே இரண்டு நிறுவனங்கள் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டன. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அந்த வழக்கின் வரலாற்றையும், அதற்கு அறிவியல் தரும் விடையையும் இக்கட்டுரையில் காண்போம்.

காவிரிக் கரையின் மணநீர்

ஐரோப்பாவுக்குச் செல்லும் முன் நம் காவிரிக் கரையையே சற்றுப் பார்ப்போம். குத்தாலத்துக்குக் கிழக்கே, காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் புகார் நகரம் இருந்தது. மேற்கு மலையில் விளைந்த சந்தனமும் அகிலும் அங்கு வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. சுண்ணம், சாந்து, பூ, புகைக்கும் பொருள்கள் ஆகியவற்றை விற்போர் அந்நகரின் மருவூர்ப்பாக்கத்தில் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்லுகிறது. அதே நூலில் மாதவி நீராடும் பகுதி நம் கவனத்துக்கு உரியது. பத்து வகைத் துவர்களும், ஐந்து வகை நறுமணப் பொருள்களும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகைகளும் ஊறிய நீரில் அவள் கூந்தலைக் கழுவினாள். எண்ணிக்கையோடு சொல்லப்பட்ட இது, ஒரு வகையில் ஒரு கலவைக் குறிப்பே ஆகும்.

குத்தாலத்துக்கு மேற்கே தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றால், கல்லிலேயே வெட்டிய குறிப்பு கிடைக்கிறது. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில், காசு வைப்பாக வைக்கப்பட்டு, அதன் வட்டியிலிருந்து இறைவனின் திருமஞ்சன நீருக்கு மணமூட்டப் பொருள்கள் வாங்க ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. ஏலவரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் ஆகிய மூன்றும் அப்பொருள்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணநீருக்கு நிலையான வரவு-செலவுத் திட்டம் இருந்தது என்பது வியப்புக்குரியது.

ஆனால், இத்தகைய மணநீரில் ஒரு குறை உண்டு. மலர், வேர், பட்டை ஆகியவற்றின் மணத்துக்குக் காரணம் அவற்றில் உள்ள எண்ணெய்ப் பொருள்கள். எண்ணெய் நீரில் மிக மிகக் குறைவாகவே கரையும். ஆகவே நீர் மணத்தைச் சிறிதளவே ஏற்கும். அதோடு, பூவும் வேரும் ஊறிய நீர் சில நாட்களில் கெட்டுவிடும். அன்றாடம் புதிதாகச் செய்துகொள்ளும் அரண்மனைக்கும் கோயிலுக்கும் அது பொருந்தும். நெடுந்தொலைவு அனுப்பவோ, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவோ பொருந்தாது. மணத்தைச் சுமந்து செல்லும் வேறொரு திரவம் தேவைப்பட்டது.

சாராயத்தின் இரட்டைக் குணம்

அந்தத் திரவம் எத்தில் ஆல்கஹால். இதன் மூலக்கூறுக்கு இரட்டைக் குணம் உண்டு. ஒரு முனை நீரோடு ஒட்டும். மறு முனை எண்ணெயோடு ஒட்டும். ஆகவே இது நீரோடும் கலக்கும், மண எண்ணெய்களையும் கரைக்கும். இதில் நுண்ணுயிர்கள் வளராதாகையால், மணப்பொருளும் கெடாமல் இருக்கும். தோலில் தடவியதும் ஆல்கஹால் விரைவில் ஆவியாகிவிடும், மணம் தங்கும்.

காய்ச்சி வடிக்கும் கலையை அரபு நாட்டு அறிஞர்கள் வளர்த்தனர். 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ நகர மருத்துவர்கள் திராட்சை மதுவிலிருந்து ஆல்கஹாலை வடித்தெடுத்தனர். அதில் மூலிகைகளை இட்டு உருவான மருந்துகளே அதிசய நீர்கள். அவற்றைக் குடித்தனர். வலிக்குத் தடவினர். முகர்ந்தும் பார்த்தனர்.

வசந்தத்தைப் புட்டியில் அடைத்தவர்

இத்தாலியின் வட எல்லையில், ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் உள்ள சாந்தா மரியா மஜ்ஜோரே என்னும் ஊரில் 1685-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜொவான்னி மரியா ஃபரீனா. அவருடைய அண்ணன் 1709-இல் ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள கொலோன் நகரில் ஒரு கடையைத் தொடங்கினார். பட்டு, சரிகைப் பின்னல் முதலிய ஆடம்பரப் பொருள்கள் அங்கு விற்கப்பட்டன. 1714-இல் தம்பியும் அதில் பங்கு சேர்ந்தார்.

அதற்கு முன்பே, 1708-இல், தாம் ஒரு மணத்தை உருவாக்கியிருப்பதாக அவர் தம் அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். மழைக்குப் பின் வரும் இத்தாலிய வசந்த காலைப் பொழுதையும், மலைப் பூக்களையும், ஆரஞ்சு மலரையும் அது நினைவூட்டுகிறது என்பது அக்கடிதத்தின் கருத்து. கஸ்தூரி, புனுகு முதலிய கனத்த மணங்களே செல்வர் வீடுகளில் ஆட்சி செய்த காலம் அது. ஃபரீனா இலேசான, எலுமிச்சை இனப் பழங்களின் மணத்தைக் கொண்டுவந்தார். அதில் முதன்மை பெற்றது பெர்கமோட் என்னும் பழத்தின் தோலிலிருந்து பிழிந்த எண்ணெய். இத்தாலியின் தென்கோடியான கலாபிரியாவில் இப்பழம் மிகுதியாக விளைகிறது.

தாம் குடியேறிய நகரத்தின் பெயரையே ஃபரீனா அந்த நீருக்குச் சூட்டினார். அவருடைய உண்மையான திறமை கலவையைக் கண்டுபிடித்ததில் மட்டும் இல்லை. பழ எண்ணெயின் மணம் ஆண்டுக்கு ஆண்டு, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆயினும் புட்டியில் உள்ள மணம் மாறக்கூடாது. பல விளைச்சல்களின் எண்ணெய்களைக் கலந்து, எப்போதும் ஒரே மணம் வரச் செய்தார் அவர். இன்று 'தரக் கட்டுப்பாடு' என்று நாம் சொல்வதை அன்று அவர் மூக்கு ஒன்றையே கருவியாகக் கொண்டு செய்தார்.

மருந்தா, மணப்பொருளா?

18-ஆம் நூற்றாண்டு முழுவதும் கொலோன் தண்ணீர் இரண்டு வேடங்களில் உலவியது. அரச மாளிகைகளில் அது மணப்பொருள். மற்ற இடங்களில் அது மருந்தும்கூட. வயிற்று வலி, தலைவலி, மயக்கம் என எதற்கும் அதைப் பரிந்துரைத்தனர்.

இந்த இரட்டை வேடத்தைக் கலைத்தவர் நெப்போலியன். கொலோன் தண்ணீரை அவரே பெருமளவில் பயன்படுத்தியவர். ஆனால், இரகசிய மருந்துகளை விற்போர் அவற்றில் சேரும் பொருள்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1810-இல் அவர் ஆணையிட்டார். அப்போது கொலோன் நகரமும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. மருந்து என்று விற்றால் இரகசியத்தை வெளியிட வேண்டும். மணப்பொருள் என்று விற்றால் அந்தக் கட்டாயம் இல்லை. உற்பத்தியாளர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர். இவ்வாறு, ஓர் அரசாணையால் அதிசய மருந்து வெறும் வாசனைத் தண்ணீர் ஆயிற்று. ஆயினும் பழைய நினைவு மறையவில்லை. நம் வீடுகளில் காய்ச்சலுக்கு ஓடிகொலோன் போட்டதில் அந்தப் பழைய வேடத்தின் எச்சம் இருந்தது.

விலைக்கு வாங்கிய பெயர்

இனி வழக்கின் மறு பக்கத்துக்கு வருவோம். கொலோன் நகரில் வில்ஹெல்ம் மூல்ஹென்ஸ் என்ற வணிகர் இருந்தார். 1792-இல் நடந்த அவருடைய திருமணத்தின்போது ஒரு துறவி கலவைக் குறிப்பைப் பரிசாகத் தந்தார் என்பது அந்நிறுவனம் சொல்லிவந்த கதை. வரலாற்றுச் சான்று உள்ள செய்தி வேறு. ஃபரீனா என்ற பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்பை மூல்ஹென்ஸ் கண்டார். பான் நகரில் கார்லோ பிரான்செஸ்கோ ஃபரீனா என்ற ஒருவர் இருந்தார். பெயர் ஒன்றாயினும் கொலோன் ஃபரீனா குடும்பத்துக்கு அவர் உறவினர் அல்லர். 1803-இல் அவரோடு ஒப்பந்தம் செய்து, அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை மூல்ஹென்ஸ் பெற்றார். தாம் பயன்படுத்தியதோடு நில்லாமல், வேறு பலருக்கும் அப்பெயரை விற்றார்.

விளைவு என்ன? கொலோன் நகரெங்கும் 'ஃபரீனா' புட்டிகள் பெருகின. வாங்குவோருக்கு எது எது என்று தெரியவில்லை. ஃபரீனா குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 1832-இல் நீதிமன்றம் மூல்ஹென்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால், ஃபரீனா என்ற பெயருடைய வேறொருவரைப் பிடித்து அந்நிறுவனம் மீண்டும் வணிகத்தைத் தொடர்ந்தது. வணிகச் சின்னங்களைக் காக்கும் சட்டம் அன்று ஜெர்மனியில் இல்லை. 1874-இல்தான் அது வந்தது. இறுதியில் 1881-இல் மூல்ஹென்ஸின் பேரர் ஃபெர்டினாண்ட், ஃபரீனா என்ற பெயரை அறவே கைவிட வேண்டியதாயிற்று.

புதிய பெயருக்கு என்ன செய்வது? 1794-இல் பிரெஞ்சுப் படை நெருங்கிய நாட்களில், கொலோன் நகர வீடுகளுக்கு எண் இடும் வேலை தொடங்கியது. பின்னாளில் மூல்ஹென்ஸ் நிறுவனம் இருந்த வீட்டுக்கு வாய்த்த எண் 4711. அந்தக் கதவு எண்ணையே பெயராக்கினர். கடன் வாங்கிய பெயரால் வளர்ந்த நிறுவனம், எந்தப் பொருளும் இல்லாத ஓர் எண்ணால் உலகப் புகழ் பெற்றது. '4711' அதன் பின் பல கைகள் மாறி, 2006 முதல் மௌரர்-விர்ட்ஸ் என்னும் ஜெர்மன் நிறுவனத்திடம் இருக்கிறது. ஃபரீனா நிறுவனம் இன்றும் அதே குடும்பத்தாரிடம் உள்ளது.

இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஓடிகொலோன்

கொலோன் தண்ணீர் நீதிமன்றம் ஏறியது ஜெர்மனியில் மட்டும் அன்று. அது நம் நாட்டிலும் வழக்கில் சிக்கியது. ஆனால் இங்கு வழக்கு பெயரைப் பற்றியதன்று, அதில் உள்ள ஆல்கஹாலைப் பற்றியது.

இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. பம்பாய் மாகாணம் 1949-இல் கடுமையான மதுவிலக்குச் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து எஃப். என். பல்சாரா என்பவர் வழக்குத் தொடுத்தார். விஸ்கி, பிராந்தியோடு, ஓடிகொலோனையும் லாவண்டர் நீரையும் வைத்திருக்கும் உரிமையை அவர் கேட்டார். 1951-இல் உச்ச நீதிமன்றம் மதுவிலக்குச் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. ஆனால், ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் தடை செய்த பகுதிகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. குடிப்பதற்கான ஆல்கஹாலும் தடவுவதற்கான ஆல்கஹாலும் ஒன்றல்ல என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. வேதியியல் கண்ணுக்கு இரண்டும் ஒரே மூலக்கூறுதான். மது கிடைக்காத காலத்தில் ஓடிகொலோனைக் குடித்தவர்களும் இருந்தனர் என்பது இதற்குச் சான்று. இதைத் தடுக்கவே மணப்பொருள்களுக்கான ஆல்கஹாலில் குமட்டும் சுவையோ கசப்போ உள்ள பொருளைக் கலக்கும் வழக்கம் உலகெங்கும் உள்ளது.

1917-இல் தொடங்கப்பட்ட டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் உள்நாட்டிலேயே ஓடிகொலோனைத் தயாரித்து விற்றது. அதனால் கொலோன் என்ற ஊரை அறியாதவர்களும் அதன் தண்ணீரை அறிந்திருந்தனர்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு புட்டிகளையும் இப்போது வேதியியல் மேசைக்குக் கொண்டுவருவோம். ஒரு கொலோன் தண்ணீரில் பெரும்பகுதி ஆல்கஹால், மிச்சம் நீர். மண எண்ணெய்கள் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரைதான். கெட்டியான 'பெர்ஃப்யூம்' வகையில் இது 20 பங்கையும் தாண்டும். விலை வேறுபாட்டுக்கு முதற்காரணம் இதுவே.

எண்ணெய்களிலும் விரைவாக ஓடுவன, நின்று நடப்பன என்று இரு வகை உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் உள்ள லிமொனீன் 176 பாகை செல்சியஸில் கொதிக்கும். நம் சந்தனத்தில் உள்ள சாண்டலால் கொதிக்க 300 பாகைக்கு மேல் வேண்டும். கொதிநிலை குறைந்த பொருள் தோலிலிருந்து விரைவில் பறந்துவிடும். அதிகமான பொருள் மெல்ல மெல்ல வெளிப்படும். கொலோன் தண்ணீர் பெரும்பாலும் பழத்தோல் எண்ணெய்களால் ஆனது. ஆகவே ஃபரீனாவாயினும் 4711 ஆயினும் அதன் மணம் ஓரிரு மணி நேரத்தில் மங்கிவிடும். அது கலப்படமும் அன்று, குறையும் அன்று. அதன் இயல்பே அப்படி. நாள் முழுதும் மணம் நிற்க வேண்டுமானால் சந்தனம், வெட்டிவேர் போன்ற கனத்த எண்ணெய்கள் வேண்டும்.

'ஆண்களுக்கானது' என்ற அடையாளமும் பிற்காலத்தில் வந்ததே. ஃபரீனாவின் காலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே கொலோனைப் பூசினர். இருபதாம் நூற்றாண்டில் முகச்சவர நீர்களின் விற்பனையோடு இப்பிரிவு வலுப்பெற்றது. 'ஓல்டு ஸ்பைஸ்' என்ற பெயர்கூட முதலில் 1937-இல் அமெரிக்காவில் பெண்களுக்கான பொருளாகவே வெளிவந்தது. ஆண்களுக்கான வகை அடுத்த ஆண்டுதான் வந்தது. மூலக்கூறுகளுக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை.

டெல்டாவின் புழுக்கத்தில்

தடவியதும் சில்லென்று இருப்பது ஏன்? திரவம் ஆவியாகும்போது உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் ஆல்கஹால் ஆவியாகச் சுமார் 220 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீருக்கோ சுமார் 580 கலோரி வேண்டும். அப்படியானால் நீரல்லவா அதிகமாகக் குளிர வைக்க வேண்டும்?

விடை வேகத்தில் இருக்கிறது. 30 பாகை செல்சியஸில் ஆல்கஹாலின் ஆவி அழுத்தம் நீரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். காவிரி டெல்டாவில் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருக்கும். அதனால் தோலில் உள்ள வியர்வையோ நீரோ எளிதில் ஆவியாவதில்லை. புழுக்கம் என்பது இதுதான். ஆனால் காற்றில் ஆல்கஹால் ஆவி இல்லை. எனவே புழுக்க நாளிலும் ஆல்கஹால் தடையின்றி ஆவியாகிச் சட்டென்று குளிர்ச்சி தருகிறது.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, காய்ச்சல் கண்ட குழந்தைகளின் உடலில் ஆல்கஹால் கலந்த நீரைத் தேய்ப்பதை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடலுக்குள் சென்று தீங்கு செய்யலாம். இரண்டாவது, இயற்கையான பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் உள்ளது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கருந்திட்டுகள் தோன்றும். கொலோன் தண்ணீரால் இவ்வாறு நேர்வதை 1916-இலேயே ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் விளக்கினார். இப்போது பல நிறுவனங்கள் பெர்காப்டென் நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. ஆயினும் கழுத்திலும் முகத்திலும் தடவிக்கொண்டு நேரே வயல்வெளி வெயிலில் இறங்குவது நல்லதன்று. சட்டையில் தெளித்துக்கொண்டால் போதும்.

நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்

மாணவர்களே, இரண்டு கொலோன்களை ஒப்பிட ஆய்வுக்கூடம் தேவையில்லை. வெள்ளைத்தாளில் ஒரே அளவான துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாமல் நண்பர் ஒருவர் ஒவ்வொரு துண்டிலும் ஒரு கொலோனின் இரண்டு சொட்டு விட்டு, பின்புறம் 'அ', 'ஆ' என்று குறிக்கட்டும். எந்த எழுத்து எந்தப் புட்டி என்பதை அவர் மட்டும் அறிந்திருக்கட்டும். உடனே ஒரு முறை, கால் மணி கழித்து ஒரு முறை, ஒரு மணி கழித்து ஒரு முறை, மூன்று மணி கழித்து ஒரு முறை முகர்ந்து, குறிப்பேட்டில் மதிப்பெண் இடுங்கள். இடையிடையே வெளிக்காற்றில் நின்று வாருங்கள். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு களைத்து, மணமே இல்லை என்று சொல்லும். மறுநாள் எழுத்துகளை மாற்றி மீண்டும் செய்யுங்கள். இரு நாளும் ஒரே விடை வந்தால் அதை நம்பலாம். இறுதியில் விலையை மில்லிலிட்டரால் வகுத்துப் பாருங்கள். பல சமயம், பெயர் மறைந்ததும் மதிப்பெண் மாறுவதைக் காண்பீர்கள்.

அப்படியானால் ஃபரீனா, 4711 இரண்டில் எது உயர்ந்தது? முதலில் பிறந்தது எது என்று கேட்டால், ஐயமின்றி ஃபரீனா. பெர்கமோட் முன்நிற்கும் நுட்பமான கலவையை விரும்புவோர், கூடுதல் விலை கொடுத்து அதை வாங்கலாம். முகம் மழித்த பின்னும், புழுக்கத்திலும் ஒரு நொடிக் குளிர்ச்சியும் ஆரஞ்சு, ரோஸ்மேரி, லாவண்டர் மணமும் போதும் என்போருக்கு, விலை குறைந்த 4711 நிறைவாகவே பணி செய்யும். நெடுநேரம் மணக்க வேண்டும் என்போருக்கு இரண்டுமே பயன்படா. அவர்களுக்கு நம் சந்தனமும் வெட்டிவேரும் இன்றும் மேலானவை. பயன் எது என்று முடிவு செய்யாமல் உயர்வு எது என்று முடிவு செய்ய இயலாது.

ஜெர்மன் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு தீர்த்தது ஒரே கேள்வியைத்தான். ஃபரீனா என்ற பெயர் யாருக்கு உரியது என்பதே அது. எந்தப் புட்டியில் உள்ள நீர் சிறந்தது என்ற கேள்வியை எந்த நீதிபதியும் தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. தன் பழைய பெயரை இழந்து, வெறும் கதவு எண்ணைச் சூட்டிக்கொண்ட பின்னும் 4711 விற்றது. நல்ல பெயர் கெட்ட பொருளை நெடுநாள் காப்பாற்றாது. பெயரே இல்லாவிட்டாலும் தக்க பொருள் நிற்கும். அடுத்த முறை கடையில் இரண்டு புட்டிகளைக் கையில் எடுக்கும்போது, சீட்டில் உள்ள எழுத்தைப் படிக்கும் முன் மூக்கைக் கேளுங்கள். அதன் பின் விலையைப் பாருங்கள்.